ஊரின் பெயர்களைத் தெரிந்தவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிற்றூர் ஒன்றில் வாழ்நாள் முழுவதும் வைத்தியம் பார்த்த தந்தையின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. அவரைப் பற்றியே பேசலாம் என்று நினைத்துக் குடும்பத்தாரிடம் கேட்டேன். "அப்பா இருந்திருந்தால் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்" என்றார்கள். அந்த மனம் எனக்குப் புரிந்தது. ஆகவே அவரைப் போலவே ஓர் ஊரில் கால் ஊன்றி நின்ற இன்னொருவரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் பெயர் வில்லியம் நார்மன் பிக்கிள்ஸ். வில் பிக்கிள்ஸ் என்றுதான் அவரை அழைத்தார்கள். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், வென்ஸ்லிடேல் என்னும் பள்ளத்தாக்கில், ஏய்ஸ்கார்த் என்ற சின்னஞ்சிறு ஊரில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு மருத்துவராக இருந்தவர்.

'நாட்டு மருத்துவர்' என்று சொன்னால் தமிழில் மூலிகை வைத்தியரைக் குறிக்கும். அதனால் 'சிற்றூர் மருத்துவர்' என்ற சொல்லையே இன்று பயன்படுத்துகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓர் ஊரில் நிலைத்து இருப்பது மருத்துவருக்கு ஒரு கருவி. ஸ்டெதாஸ்கோப்பும் நுண்ணோக்கியும் கருவிகளாக இருப்பது போலவே அதுவும் ஒரு கருவி. அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே அது இருப்பதை அறியாமல் இருந்தவன் நான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு சீட்டுகள்

நான் ஒரு சிற்றூரில் கிளினிக் திறந்து நான்காம் ஆண்டு. வைகாசி மாதம். மஞ்சள் காமாலையோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்தில் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் கண்ணைப் பார்த்தேன், வயிற்றை அழுத்திப் பார்த்தேன். ஓய்வு எடுக்கச் சொன்னேன். கஞ்சி குடிக்கச் சொன்னேன். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்றேன். கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டே பலர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கவனமாகத்தான் பார்த்தேன் என்று நம்பினேன்.

பன்னிரண்டாவதாக ஒரு சிறுவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த தாய் சொன்னார்: "டாக்டரய்யா, எங்க தெருவுல கொடைக்குப் பானகம் கரைச்சு ஊத்துனாங்க. அதைக் குடிச்ச வீட்டுலதான் எல்லாம் படுத்துக் கெடக்கு. குடிக்காத வீட்டுல ஒண்ணுமில்ல."

கோயில் கொடை முடிந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. பானகத்துக்குத் தண்ணீர் எடுத்த கிணற்றை அன்று மாலையே போய்ப் பார்த்தேன். பக்கத்தில் கழிவுநீர் தேங்கிக் கிடந்தது. பிளீச்சிங் பவுடர் போட ஏற்பாடு செய்தோம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு சீட்டுகளும் என் கையால் எழுதியவை. பன்னிரண்டு பேரும் எந்தத் தெரு என்பது எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்திருந்தும் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு தாய் சேர்த்துப் பார்த்தார்.

அடுத்த ஆண்டு, ஒரு கல்லூரி நூலகத்தில், பிக்கிள்ஸின் புத்தகம் என் கைக்குக் கிடைத்தது. அந்தத் தாய் செய்ததையே அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு மருத்துவர் நாள் தவறாமல் செய்து, அதை ஒரு விஞ்ஞானமாக்கி வைத்திருந்தார்.

பள்ளத்தாக்குக்கு வந்தவர்

பிக்கிள்ஸ் 1885ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் லீட்ஸ் நகரில் பிறந்தார். தந்தையும் மருத்துவர். லீட்ஸில் படித்துத் தேறியபின், ஊர் ஊராகப் போய், விடுப்பில் சென்ற மருத்துவர்களுக்குப் பதிலாக வேலை பார்த்தார். அப்படித்தான் 1912இல் ஏய்ஸ்கார்த்துக்கு முதன்முதலாக வந்தார். அடுத்த ஆண்டே, டீன் டன்பார் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து அங்கிருந்த மருத்துவப் பணியை விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்நாளில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் ஓய்வு பெறும்போது தம் பணியிடத்தை அடுத்தவருக்கு விற்பது வழக்கம். முதல் உலகப்போரில் கடற்படை மருத்துவராகப் போனதைத் தவிர, அதன்பின் அவர் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு நகரவில்லை.

யூர் என்னும் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது. ஏய்ஸ்கார்த் அருகே அந்த ஆறு அருவியாக விழுகிறது. இருபுறமும் மேட்டுநிலம், கல்லடுக்கி எழுப்பிய வேலிச்சுவர்கள், ஆடுகள், பால்மாடுகள். வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி அங்கிருந்து வருவதுதான். ஊர்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பவை. அந்நாளில், பனிக்காலத்தில் சாலை மூடிக்கொண்டால் வெளியுலகம் இருக்கவில்லை. ஆட்கள் அதிகம் வந்ததுமில்லை, போனதுமில்லை. நகரத்து மருத்துவர் இதைக் குறையாகத்தான் பார்ப்பார். பிக்கிள்ஸுக்கு இதுவே ஆய்வுக்கூடமாக அமைந்தது.

அவருடைய கண்ணைத் திறந்த முதல் சம்பவம் டைபாய்டு. ஒரு கோடைக்கால அந்திப்பொழுதில், ஊர் ஊராகத் திரியும் ஜிப்ஸிப் பெண் ஒருத்தி தன் வண்டியை ஓர் ஊருக்குள் ஓட்டி வந்தாள். வண்டிக்குள் நோயாளிக் கணவன் படுத்திருந்தான். ஊர்ப் பொதுக் குழாயடியில் அவனுடைய அழுக்குத் துணிகளை அலசினாள். அந்த அடிகுழாய் பழுதடைந்திருந்தது. அதன்பின் அந்த ஊரில் டைபாய்டு பரவியது. யார் எப்போது வந்தார்கள், எந்தக் குழாயில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் மருத்துவருக்கும் தெரியும். தொற்றுநோயின் தடத்தைத் தேடுவதற்குச் சிற்றூர் மருத்துவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு வேறு எவருக்கும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

முன்னோர் இருவர்

இந்த எண்ணம் திடீரென்று முளைத்ததன்று. அதற்கு ஒரு பரம்பரை உண்டு. வில்லியம் பட் என்பவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நார்த் டாட்டன் என்ற ஊரில் பிறந்து, அங்கேயே மருத்துவம் பார்த்தவர். 1839இல் அந்த ஊரில் டைபாய்டு பரவியது. காற்றில் எழும் துர்நாற்றத்தால் காய்ச்சல் வருகிறது என்று பெரிய மருத்துவர்கள் நம்பிய காலம் அது. பட், நோயோடு ஊரைவிட்டு வெளியேறியவர்கள் எங்கே போனார்கள், போன இடத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார். நோய் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது, நோயாளியின் கழிவே அதைச் சுமக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். டைபாய்டுக் கிருமியை நுண்ணோக்கியில் எபர்த் கண்டது 1880இல்தான். ஊரை அறிந்த கண், நுண்ணோக்கிக்கு நாற்பது ஆண்டு முன்னே போய்விட்டது.

இரண்டாமவர் ஜேம்ஸ் மெக்கன்ஸி. லங்காஷயரின் பர்ன்லி என்ற பஞ்சாலை ஊரில் 1879 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பொது மருத்துவராக இருந்தவர். பிரசவ வேளையில் ஓர் இளம் பெண் இதயம் செயலிழந்து அவர் கண்முன்னே இறந்துபோனார். இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே என்ற வேதனை அவரை விடவில்லை. நாடித்துடிப்பைத் தாளில் வரையும் கருவி ஒன்றை, உள்ளூர்க் கடிகாரக்காரர் ஒருவரின் துணையோடு செய்துகொண்டார். பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். துடிப்பு சீராக இல்லாதவர்களைப் பதிந்து வைத்துக்கொண்டு, அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். சிலவகைத் துடிப்புக் கோளாறுகள் ஆபத்தில்லாதவை, அவை உள்ளவர்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று அவர் சொல்ல முடிந்தது அதனால்தான். பெரிய மருத்துவமனை நோயாளியை ஒரு வாரம் பார்க்கிறது. அந்த ஒரு வாரத்தில் இந்த உண்மை தெரியாது. இருபது ஆண்டு பார்த்தவருக்கே தெரியும். எத்தனையோ பேர் தேவையில்லாமல் படுக்கையில் கிடப்பதை அந்தப் பொறுமை தவிர்த்தது.

1926இல் மெக்கன்ஸியின் இதயநோய் நூலை பிக்கிள்ஸ் படித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஊரில் நல்ல பெயர், நிறைவான வாழ்க்கை. அந்த நூல் அவரை உலுக்கியது. பர்ன்லியில் இருந்தபடி ஒருவர் இதைச் செய்ய முடிந்தால், ஏய்ஸ்கார்த்தில் இருந்தபடி தாம் என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டார். விடை மூன்று ஆண்டுகளில் வந்தது.

திருவிழாவுக்குப் போன பெண்

1929இல் வென்ஸ்லிடேலில் காமாலை பரவியது. பள்ளத்தாக்கின் மக்கள்தொகை சுமார் 5,700. அவர்களில் 250 பேர் படுத்தார்கள்.

அந்த நாளில் இந்தக் காமாலையைப் பற்றி இருந்த கருத்து வேறு. பித்தநாளத்தின் வாயில் சளி அடைத்துக்கொள்வதால் கண் மஞ்சளாகிறது என்பது ஜெர்மானிய மேதை விர்க்கோ விட்டுச்சென்ற விளக்கம். தொற்று என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்போது, எப்படிப் போகிறது என்று காட்ட முடியவில்லை. அது ஏன் என்று பிக்கிள்ஸுக்குப் புரிந்தது. லீட்ஸ் போன்ற நகரத்தில் ஒரு மனிதன் ஒரு மாதத்தில் ஆயிரம் பேரைக் கடந்து போகிறான். டிராமில் யார் பக்கத்தில் உட்கார்ந்தான், கடையில் யாரோடு பேசினான் என்பது அவனுக்கே தெரியாது. நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் வந்திருக்கலாம். பள்ளத்தாக்கில் அப்படியில்லை. தனித்திருக்கும் ஒரு பண்ணைவீட்டுக்காரர் அந்த மாதம் முழுவதும் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணிநேரம், ஒரே ஒரு நோயாளியைத்தான் சந்தித்திருப்பார். அந்தச் சந்திப்பின் தேதி தெரியும். இவர் படுத்த தேதி தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ள நாட்களை எண்ணினால் போதும்.

அந்த எண்ணிக்கையைத்தான் பிக்கிள்ஸ் செய்தார். ஓர் ஊரில் திருவிழா நடந்த நாள் காலையில் ஒரு பெண்ணை அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தார். படுக்கையில் கிடந்தாள். இன்று இவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று நினைத்தபடி வந்தார். அவளோ எழுந்து திருவிழாவுக்குப் போய்விட்டாள். பள்ளத்தாக்கு முழுவதும் பரவிய நோயின் வேரை அவர் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவளிடமிருந்து யாருக்கு, அவரிடமிருந்து எந்த வீட்டுக்கு என்று கண்ணி கண்ணியாகக் கோத்தார். தொற்று உடம்புக்குள் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே உள்ளதை நோயரும்பு காலம் என்கிறோம். இந்தக் காமாலைக்கு அது 26 முதல் 35 நாட்கள் என்று அவர் நிறுவினார். 1930ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது.

அவ்வளவு நீண்ட இடைவெளி இருந்ததால்தான் நகரத்து மருத்துவர்களால் தொடர்பைக் காண முடியவில்லை. ஒரு மாதத்துக்கு முன் யாரோடு இருந்தாய் என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? திருவிழா என்றால் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் ஊர்த் தாய்க்குக் கொடை நினைவிருந்தது போல.

இன்று நாம் ஹெபடைடிஸ் ஏ என்று சொல்லும் நோய் இது. அதன் வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டது 1973இல். பிக்கிள்ஸ் சொன்ன நாட்கணக்குக்குள்தான் இன்றைய பாடநூல்களின் சராசரியான 28 நாளும் அடங்குகிறது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆய்வகமோ உதவித்தொகையோ இல்லாமல், தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் எழுதிய விஞ்ஞானம்

அதன்பின் அவருடைய வீடே ஆய்வகம் ஆனது. பகலெல்லாம் பண்ணைகளைச் சுற்றிவிட்டு வந்து, அன்று பார்த்த தொற்றுநோய் ஒவ்வொன்றையும் தேதி, ஊர், நோய் என்று பதிவார். எழுதி வைப்பதிலும் வரைபடம் தயாரிப்பதிலும் மனைவி கெர்ட்டி துணை நின்றார். தட்டம்மை, சின்னம்மை, இன்புளூயன்சா, வயிற்றுக்கடுப்பு என்று ஒவ்வொன்றும் ஊர்வாரியாக, நாள்வாரியாகக் கட்டங்களில் ஏறியது. ஒரு நோய் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்துபோவதை அந்தத் தாள்களில் கண்ணால் பார்க்க முடிந்தது.

1933இல் இன்னொன்று. திடீரென்று விலாவில் கத்தியால் குத்துவது போன்ற வலியோடு ஆட்கள் படுத்தார்கள். நெஞ்சுவலி என்று பயந்து நடுங்கினார்கள்; சில நாட்களில் தானாகவே தேறினார்கள். டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் அப்படி ஒரு நோய் கண்டறியப்பட்டிருந்தது. யார்க்ஷயரில் தாம் கண்டதும் அதுவே என்று பிக்கிள்ஸ் எழுதினார். காக்ஸாக்கி வகை வைரஸ்களே அதற்குக் காரணம் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது.

1935இல் லண்டனில் அறிஞர்கள் அவையில் அவர் தம் வேலையை எடுத்துரைத்தார். புள்ளியியலிலும் தொற்றுநோயியலிலும் அந்நாளின் பெரும் பெயரான மேஜர் கிரீன்வுட், இதை ஒரு நூலாக எழுதுங்கள் என்றார். 'சிற்றூர் மருத்துவப் பணியில் தொற்றுநோயியல்' என்று பொருள்படும் தலைப்பில் அந்த நூல் 1939இல் வந்தது. சிறிய புத்தகம். 1948இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைச் சொற்பொழிவுக்கு அழைத்தது. பேசிவிட்டு ஏய்ஸ்கார்த்துக்கே திரும்பினார்.

அந்த நூலில் என்னை மிகவும் தொட்ட இடம் எந்த நோயைப் பற்றியதும் இல்லை. ஒருநாள் மாலை அவர் உயரமான இடத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாலை ரயில் மெல்ல ஊர்ந்து ஏறிவருகிறது. மூன்று நிலையங்களில் நின்று நின்று போகிறது. அப்போது அவருக்கு ஒன்று தோன்றுகிறது. இந்த ஊர்களில் உள்ள ஆண், பெண், குழந்தை ஏறக்குறைய அத்தனை பேரின் பெயரும் எனக்குத் தெரியும். அத்தனை பேரும் எனக்கு நெருக்கம். ஊர் நாய்களில் பெரும்பாலானவற்றையும் பூனைகளில் சிலவற்றையும்கூட அவரும் மனைவியும் அறிவார்களாம்.

இதை உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவருடைய முழு விஞ்ஞானமும் இந்தப் பெயர்களின் மேல்தான் நிற்கிறது. பெயர் தெரிந்ததால்தான் "திருவிழாவில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?" என்று அவரால் கேட்க முடிந்தது. நெருக்கம் இருந்ததால்தான் கேட்டவர்கள் உண்மையைச் சொன்னார்கள். ஓர் இளைஞன் மாலை நேரத்தில் எந்த வீட்டுக்குப் போய்வந்தான் என்பதைச் சொல்வதில் எத்தனை தயக்கம் இருக்கும்! அந்நியர் கேட்டால் சொல்வானா?

அவர் காலத்தின் வறுமையையும் மறக்கக் கூடாது. அவர் பணியின் முதற்பாதியில் சல்பா மருந்து கிடையாது, பெனிசிலின் கிடையாது. நிமோனியா வந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர மருத்துவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். குணமாக்க மருந்து இல்லாதபோது, பரவாமல் தடுக்கும் அறிவையாவது தேட வேண்டும் என்று அவர் எழுதுகோலை எடுத்தார். மருந்து இல்லை என்பது அவருக்குச் சும்மா இருப்பதற்கான காரணமாகவில்லை.

விளக்கிலிருந்து விளக்கு

அந்தச் சிறு புத்தகம் யார் கையில் எல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதும் ஒரு தொற்றின் கதைதான். எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற பொது மருத்துவர் அதனால் உந்தப்பட்டு, சைரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் தம் நோயாளிகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டது அக்கி. நம் ஊரில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதச் சொல்வார்கள். அந்த அக்கி எங்கிருந்து வருகிறது? பதினாறு ஆண்டுகளில் தம்மிடம் வந்த 192 அக்கி நோயாளிகளை ஆராய்ந்து 1965இல் அவர் விடை சொன்னார். சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து, உடம்பின் எதிர்ப்பு தளரும்போது மீண்டும் எழுகிறது என்றார். பின்னால் வந்த ஆய்வகங்கள் அதை உறுதி செய்தன. பாட்டனுக்கு அக்கி வந்தபின் பேரனுக்குச் சின்னம்மை வந்ததைக் காண, அந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே மருத்துவர் போயிருக்க வேண்டும்.

இன்னொருவர் ஜூலியன் டூடர் ஹார்ட். வேல்ஸின் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்கு 1961இல் போனவர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே இருந்தவர். 1970இல் சுரங்கம் மூடப்பட்டு ஊர் வேலையிழந்தபோதும் அவர் போகவில்லை. இரத்த அழுத்தம் வலிக்காத நோய். அது உள்ளவர் தானாக மருத்துவரைத் தேடி வருவதில்லை. ஆகவே தம் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரையும் தேடித் தேடி அளந்தார். வராதவர்களின் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்திருந்தார். தொடர்ந்து மருந்தும் கவனிப்பும் தந்தார். இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை 1991இல் வெளியிட்டபோது, 65 வயதுக்குள் நேரும் மரணங்கள் பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே 28 சதவீதம் குறைந்திருந்தன.

அவர் 1971இல் லான்செட் இதழில் எழுதிய ஒரு கட்டுரை உலகெங்கும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். நல்ல மருத்துவம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. மருத்துவம் சந்தைக்குப் போகப் போக இந்த ஏற்றத்தாழ்வு கூடும் என்று அதில் அவர் சொன்னார். மேட்டை நோக்கித் தண்ணீர் பாய்வது போன்ற இந்த அநியாயத்தை அவர் நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. கரித்தூசி அப்பிய நுரையீரல்களைக் கேட்டுக் கேட்டுக் கண்டார்.

'வெறும்' என்ற சொல்

இத்தனைக்கும் நடுவே, இவர்களைப் போன்றவர்களுக்கு இருந்த மதிப்பு என்ன? 1950இல் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இங்கிலாந்தின் பொது மருத்துவப் பணியின் சீர்கேட்டைக் கடுமையாக எழுதினார். தகுதியுள்ளவர்கள் ஏணியில் ஏறி மருத்துவமனை நிபுணராகிறார்கள், தவறி விழுந்தவர்களே பொது மருத்துவர்கள் என்ற பொருளில் ஒரு பிரபு 1958இல் அரசுக் குழுவின் முன்னால் பேசினார். இதற்கு இடையில், 1952இல் பொது மருத்துவர்கள் தங்களுக்கென ஒரு கல்லூரி அமைப்பை உருவாக்கினார்கள். 1953இல் அதன் முதல் தலைவராக யாரை அமர்த்துவது என்ற கேள்வி வந்தபோது, ஏய்ஸ்கார்த்திலிருந்து பிக்கிள்ஸை அழைத்தார்கள். பின்னால் வந்த அந்தப் பேச்சுக்கு அந்தத் தேர்வே முன்கூட்டிய பதில்.

நம்மிடம் அந்த ஏணிப்பேச்சு வேறு வடிவில் இருக்கிறது. "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?" என்று கேட்கிறோம். கல்யாணப் பேச்சில் கேட்கிறோம், கிளினிக் வாசலில் கேட்கிறோம். அந்த 'வெறும்' என்ற ஒரு சொல் எத்தனை இளம் மருத்துவர்களைச் சிற்றூரிலிருந்து துரத்தியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒருவர் நிலைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்று எண்ணிக்கையே இருக்கிறது. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஒரே மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு. இறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. ஒரு புதிய மாத்திரை இந்தப் பலனைக் காட்டியிருந்தால் உலகமே அதைப் பற்றிப் பேசியிருக்கும்.

நிலைத்திருப்பதற்கு விலை உண்டு. நடுநிசியில் கதவு தட்டப்படும். பண்டிகை நாளில் சோறு ஆறிப்போகும். பெயர் தெரிந்தவர் இறக்கும்போது மருத்துவர் அழ முடியாது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இந்த விலையை மருத்துவர் ஒருவரே தம் உடம்பாலும் குடும்பத்தாலும் கொடுத்துத் தீர வேண்டும் என்று நாம் விட்டுவிடக் கூடாது. பிக்கிள்ஸுக்குக் கூட்டாளி ஒருவர் இருந்தார்; தியாகம் என்ற பெயரில் தனி ஆளை ஓர் ஊருக்குள் தள்ளிவிட்டுக் கைதட்டுவது முறையல்ல. இரண்டு மருத்துவர், நல்ல செவிலியர், குடியிருக்க ஒரு வீடு, பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளி என்று இவற்றையெல்லாம் ஊரும் அரசும் சேர்ந்து தந்தால்தான் 'நிலைத்திரு' என்று சொல்ல நமக்கு உரிமை வரும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

மாணவ மாணவியரே, உங்களில் பலர் நிபுணர்கள் ஆவீர்கள். ஆகுங்கள், நாட்டுக்கு அவர்களும் வேண்டும். சிலராவது ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போங்கள். அன்றாடம் பார்த்ததில் தேதி, தெரு, நோய் இந்த மூன்றையும் இரவு படுக்கும் முன் எழுதுங்கள். ஒரு வரி போதும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் படியுங்கள். உங்கள் ஊரின் உடம்பு அதில் பேசத் தொடங்கும். ஒரு தாய் வந்து ஒன்று சொன்னால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நான் பன்னிரண்டு சீட்டுகள் எழுதியபின் கற்றதை நீங்கள் முதல் சீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

வில் பிக்கிள்ஸ் 1969ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், எண்பத்து நான்கு வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது காலமானார். அவர் கண்டது எதற்கும் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. நம் ஒவ்வோர் ஊரிலும் அப்படிப் பார்க்க வேண்டியது இன்றும் காத்திருக்கிறது. யாராவது ஒருவர் போய் அங்கே இருங்கள்.